பதினாறாம் எண்

குத்தாயிஸியில் மூன்றாம் நாளாக மழை.
பள்ளிக்கூடத்து உடற்பயிற்சி அறையில்
பதினோரு பேர்
நனைந்த காலணிகளை ஹீட்டரைச் சுற்றி வைத்துவிட்டுக்
காலுறையோடு உட்கார்ந்திருக்கிறார்கள்.
சொல்லிக்கொடுக்க வந்தவள் நான்.
போன வாரம்தான்
எனக்கே சொல்லிக்கொடுத்தார்கள்.

கைபேசியைத் திற. வாசலில் நில்.
மேகத்துக்கு மேலிருக்கும் செயற்கைக்கோள்கள்
உன்னைக் கண்டுபிடிக்கும்வரை பொறு.
பிறகு ஒரு புள்ளி வை.
பழுது பார்க்கும் இடமென்றால் பச்சை.
பழையதைத் திரும்ப வாங்கினால் நீலம்.
உரமோ விதையோ கொடுத்தால் மஞ்சள்.
சந்தேகமா, வைக்காதே.
கேட்டு வா.

"யாரை?" என்றான் கேகா.
ஆட்களோடு பேசுவதென்றால் அவனுக்கு
ஜனவரியில் ரியோனி ஆற்றில் இறங்குகிற மாதிரி.

இரண்டிரண்டு பேராகப் போனார்கள்.
கணக்கு இடித்ததில்
அனானோ மட்டும் தனியாக.

சாயங்காலம் முதலில் வந்தது கேகாதான்,
இரண்டு கையிலும் தயிர் ஜாடி.
மாத்சோனி விற்கிற இசோல்டாவைப் பிடித்திருக்கிறான்.
எந்த மாடி இன்னும் காலி ஜாடி தரவில்லை என்று
நோட்டே இல்லாமல் சொல்கிறவள்.
படிவத்தை வரிவரியாக வாசித்தான்:
பணியாளர் எண்ணிக்கை?
நானும் என் இரண்டு முழங்கால்களும்.
தொடங்கிய ஆண்டு?
கரண்ட் இல்லாத வருஷம்.
எந்த வருஷம் என்று கேட்டேன் மிஸ்,
எந்த வருஷம் இருந்தது என்று
அவங்க என்னைக் கேட்டாங்க.

எல்லோரும் சிரித்தோம்.
நீலப் புள்ளி ஒன்று.

ஜிப் மாற்றுகிற கடைக்காரன்
வரைபடம் என்றதுமே
ஷட்டரை இறக்கினானாம், பாதிவரை.
"இன்றைக்குப் புள்ளி வைப்பீங்க,
நாளைக்கு வரிக்காரன் வந்து நிற்பான்."
தாசோவின் ஜாக்கெட்டில் அறுந்திருந்த ஜிப்பை மட்டும்
காசு வாங்காமல் மாற்றிக் கொடுத்திருக்கிறான்.
அவள் வைத்த பச்சையை
அவளையே அழிக்கச் சொன்னேன்.
கழுத்துவரை ஜிப்பை இழுத்துக்கொண்டு
அழித்தாள்.

அனானோவின் தெருவில் ஏழு புள்ளிகள்.
செருப்பு, சைக்கிள், தையல், பழைய புத்தகம்,
பேக்கரிக் கழிவைப் பன்றிக்கு அனுப்புகிறவர்கள்,
இன்னும் இரண்டு.
பதினாலாம் எண்ணுக்கும் பதினெட்டுக்கும் நடுவே
பல் விழுந்த இடம்போல் வெறுமை.

"பதினாறில்?"
"ஒண்ணுமில்லை."

மற்றவர்கள் மினிபஸ்ஸுக்கு ஓடிய பிறகும்
அவள் ஒரு காலணியின் கயிற்றையே
கட்டிக்கொண்டிருந்தாள்.
"அங்கே அப்பா" என்றாள்.

பழைய ஒயர் வாங்குவார்.
தடித்ததைக் கத்தியால் உரிப்பார்.
மெல்லியதை உரிக்க முடியாது,
ராத்திரியில் எரிப்பார்.
செம்பு லாரி ஏறித் துறைமுகம் போகும்.
புகை போகாது.
நாங்கள் வெளியே துணி காயப்போடுவதில்லை.
எதிர்வீட்டுக் குழந்தைக்கு இருமல்.
'எதுவும் வீணாகக் கூடாது'
உங்கள் இரண்டாவது ஸ்லைடில் இருந்ததே,
அதே வார்த்தை, அப்பாவும் அப்படியேதான் சொல்வார்.
என் பள்ளிக் கட்டணம் அந்தச் செம்பு.

"அதுக்கு என்ன நிறம்?"

என்னிடம் நாற்பத்திரண்டு பக்கக் கையேடு இருந்தது.
பக்கம் புரட்டுவதாக நடித்தேன்.
அவள் நடிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நிறம் சொல்லாத புள்ளியைச்
செயலி சேமிக்காது.
இரண்டு தரம் முயன்று பார்த்தோம்.
அப்புறம் அவளே எழுந்துபோய்
சுவரில் ஒட்டியிருந்த காகித வரைபடத்தில்
பென்சிலை வைத்து அழுத்தினாள்.
பெயர் எழுதவில்லை.
"எரிக்காமல் உரிக்கிற மெஷின் ஒன்று
இருக்கிறதாமே, என்ன விலை?"
என்று வாசலில் திரும்பிக் கேட்டாள்.
தெரியாது என்றேன்.
அன்று நான் சொன்னதில்
கையேட்டில் இல்லாதது அது ஒன்றுதான்.

அறுபத்து மூன்று புள்ளிகள்
தலைமை அலுவலகத்துக்குப் போய்விட்டன.
அருமை, விடுபட்டது ஏதும் உண்டா என்று
பதில் வந்திருக்கிறது.
இன்னும் எழுதவில்லை.

மூன்று நாள் மழையில் ஊறிய தாள்.
பென்சில் முனை கிழித்துக்கொண்டு போயிருக்கிறது
பதினாறாம் எண்ணில்.
ஓட்டைக்குள்
சுவரின் பழைய பெயிண்ட் தெரிகிறது,
பச்சையா சாம்பலா என்று
இந்த டியூப்லைட்டில்
சொல்ல முடியவில்லை.