முப்பத்தேழு மொட்டு

விடியுமுன் டியூபைத் தோளில் மாட்டி
இலந்தைக்குளத்தில் இறங்கினேன்.
தோவாளை பூச்சந்தைக்கு ஐந்தரை மணி வண்டி.
போன கன்னிப்பூ நடவு நேரம் கூட
இந்நேரம் அறுநூறு மொட்டு கட்டியிருப்பேன்.
இன்று முப்பத்தேழு.
நம்பாமல் இன்னொரு தரம் எண்ணினேன்,
முப்பத்தாறு.

போனில் தாணப்பன்:
"குளம் எங்கடே போச்சு?"
எங்கும் போகவில்லை.
சம்பைக்கு உள்ளே இருக்கிறது.

யாரும் நடவில்லை அதை.
எந்தக் காற்றோ பஞ்சாய்க் கொண்டு போட்டது.
ஊர் ஓடையை நாங்கள்தான் குளத்துக்குத் திருப்பினோம்,
பத்து வயலின் உரத் தண்ணீரும் அங்கேதான் வடிந்தது.
இலை விரித்தாயிற்று,
சம்பை வந்து பந்தியில் உட்கார்ந்தது.
இன்னும் எழுந்திருக்கவில்லை.

ஆள் உயரத்துக்கு மேல் பச்சை.
கரையில் நின்று பார்த்தால் செழிப்பு என்பீர்கள்,
கலெக்டர் ஆபீஸ் ஜீப்பில் வந்தவர் அப்படித்தான் சொன்னார்.
டியூபில் படுத்துத் தலையைத் தாழ்த்திப் பாருங்கள்.
வெயில் தரைக்கு இறங்குவதில்லை.
மட்கிய தோகை, கறுத்த தண்ணீர், அழுகிய முட்டையின் வாடை.
பாசி பிடிக்காத இடத்தில் நத்தைக்கு என்ன வேலை?
நத்தைகுத்தி நாரை ஒன்று
வடக்கு மடையில் பகல் முழுக்க நின்றது,
மூடினாலும் மூடாத அந்த அலகோடு
பாதியில் நிறுத்திய பேச்சு மாதிரி.
மறுநாள் இல்லை.

கெண்டை வெள்ளையாய் மிதந்தது ஆடியில்.
தேளி மட்டும் மேலே வந்து
ஒரு மிடறு காற்று விழுங்கிக்கொண்டு
கீழே போனது.
கூழைக்கடா மூன்று சுற்று சுற்றியது.
அந்த உடம்பை இறக்க நீளமாய்த் தண்ணீர் வேண்டும்;
மணக்குடி காயல் பக்கம் திரும்பிப் போயிற்று.

தாமரை இலைமேல் முட்டையிடும் இலைக்கோழி,
அடைகாப்பது சேவல்தான்,
அது இப்போது
யாரோ எறிந்த தெர்மோகோல் மேல் நிற்கிறது.
அத்தனை நீள விரல்கள்,
ஊன்ற ஒரு சாண் வெள்ளை.

முப்பத்தாறுக்கு வண்டிக்கூலி கட்டாது.
கட்டைக் கரையில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

எட்டு மணிக்கு வந்தது இயந்திரம்.
மூன்று வருசம் மனு எழுதியதற்கு,
ஏழு கையெழுத்தில் மூன்றாவது என்னுடையது.
ஓட்டுகிறவன் சங்ககிரிக்காரன், செங்கோடன்.
முதல் வாளி மேலே வந்தபோது
வேரும் சேறும் சொட்டச் சொட்ட
ஒரு கூடு.
சம்பைத் தோகையை மடித்து மடித்துக் கட்டியது.
பழுப்பில் புள்ளி வைத்த ஐந்து முட்டை.

நீலக்கோழி.
நெற்கதிரை ஒடிக்கிறதென்று
நான் கல்லெடுத்து விரட்டிய சவம்.
எல்லாரும் போன குளத்தில்
சம்பையை நம்பிக் குடியிருந்தது அதுதான்,
அப்புறம் அதன் தோகையைக் கிழித்துக்கொண்டு போகும்
தூக்கணாங்குருவி.

கையைத் தூக்கிவிட்டேன், ஏனென்று தெரியவில்லை.
இயந்திரம் நின்றது.
"என்னங்ணா, நீங்கதானே மனு குடுத்தது?"
"அந்த மூலைய விட்டுரு மக்கா."
"எத்தன நாளைக்கு?"
"பொரியட்டும்."
"பொரிக்கும்.
மணிக்கு ஆயிரத்து நானூறு, யார் தருவா?"
இறங்கி பீடி பற்றவைத்தான்.

அந்தரத்தில் நின்ற வாளியின் பல்லிடுக்கிலிருந்து
வேர்த்துண்டுகள் ஒவ்வொன்றாய்த்
திறந்த தண்ணீரில் விழுந்தன.
ஒவ்வொன்றின் நுனியிலும் வெள்ளையாய் ஒரு முளை.
விழுந்த இடத்திலெல்லாம் இன்னொரு சம்பை.

டியூபைத் தள்ளிக்கொண்டு இறங்கினேன்.
மொட்டுப் பறிக்கிற கையால்
வேர் பொறுக்கினேன்.
கோழி கரையில் வாலை வெட்டி வெட்டி நடந்தது,
என்னைத் திட்டுவது போலவும் இருந்தது.

வெயில் ஏறிவிட்டது.
கரையில் கிடந்த கட்டில்
மொட்டுகள் விரியத் தொடங்கின.
விரிந்த பூவைச் சந்தையில்
யாரும் எடுப்பதில்லை.