நாற்பத்து மூன்று

பனிச்சரிவு சுரங்கத்தின் வாயை அடைத்த இரவு.
தோ-ஆஷூ கணவாய்க்குக் கீழே
போலீஸ்காரன் லாரிக்கொரு அட்டை கிழித்துக் கொடுத்தான்.
திறந்ததும் இந்த வரிசைப்படிதான், என்றான்.
எனக்கு நாற்பத்து மூன்று.
பின்னால் பன்னிரண்டு டன் மாவு,
சட்டைப்பையில் ஒற்றை சிகரெட்,
செத்துப்போன ஹீட்டர்.

புருல்சாவின் கடையில் மட்டும் அடுப்பு எரிந்தது.
மேசை நிறைய பீன்ஸ் கொட்டையைப் பரப்பி
அவள் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.
மொத்தம் எத்தனை வண்டி நிற்கும் என்று
எவனோ கேட்டுத் தொலைத்தான்.

பிஷ்கேக்கில் மூன்று வருடம் கணிதம் படித்துப்
பாதியில் விட்டவன் தெமிர்.
தொப்பியைக் கழற்றினான்.
"வெளியே போய் எண்ண வேண்டாம்.
உன் அட்டையைக் காட்டு.
நாற்பத்து மூன்றா? அப்படியானால் எண்பத்தாறு,
குத்துமதிப்பாக.
வரிசையின் முன்பாதியில் நீ இருக்கவும்
பின்பாதியில் இருக்கவும் வாய்ப்பு சரிசமம்."

குபாத் நிலக்கரி ஏற்றுகிறவன்.
சிரித்தால் பல் மட்டும் தெரியும்.
"என் அட்டை ஒன்பது. எனக்குப் பதினெட்டா?
ஒரே ரோடு, ஆளுக்கொரு நீளமா?
கணக்கு உதைக்குதே தம்பி."

"இது பந்தயம், ஜோசியம் இல்லை.
எல்லோரும் இப்படிப் பந்தயம் கட்டினால்
பாதிப்பேர் ஜெயிப்பார்கள்."

அதோடு விட்டிருக்கலாம்.
தேநீர் கொதித்துக்கொண்டிருந்தது,
விடிய ஆறு மணி நேரம் கிடந்தது.
தெமிர் மனிதகுலத்தைக் கையில் எடுத்தான்.

இதுவரை பிறந்தவர்கள்
பதினோராயிரம் கோடிக்கு மேல், என்றான்.
குகையில் பிறந்தவள், கூடாரத்தில் பிறந்தவன்,
பிறந்த அன்றே போனவர்கள், எல்லோரும் சேர்த்து.
"நம் அட்டை எண் அதுதான்.
இனிப் பிறக்கப்போவதும் ஏறத்தாழ அவ்வளவே.
அப்புறம் கடையைச் சாத்த வேண்டியதுதான்."

ஒருவனும் தேநீரை உறிஞ்சவில்லை.
தலாஸில் எர்னிஸின் மனைவிக்கு எட்டாம் மாதம்.
"என் பிள்ளைக்கு அட்டை உண்டா?"
சிரிக்காமல்தான் கேட்டான்.
"உண்டு உண்டு" என்றோம் நாலைந்து பேர், ஒரே நேரத்தில்.

செவ்வாய்க்குக் குடியேறிவிட்டால்
புது அட்டைக்கட்டு பிரிக்கலாமே என்றேன்.
"அங்கே ராக்கெட் விடுகிறவனிடம்
முதலில் இந்தச் சுரங்கத்தைத் திறக்கச் சொல்"
என்றான் குபாத்.
எந்திரங்கள் நமக்கு முன் வரிசையில் புகுந்துவிடும்
என்றான் இன்னொருவன்.
எந்திரத்துக்கு டீசல் யார் ஊற்றுவது என்று
அது தனிச் சண்டையாகக் கிளம்பி
இரண்டு மணிக்கு ஓய்ந்தது.

"முதல் அட்டை யாரிடம்?"
புருல்சா அப்போதுதான் வாய் திறந்தாள்.
மூலையில் குறட்டை விட்ட ஆட்டு லாரிக்காரனைக் காட்டினோம்.
"அவனை எழுப்பிக் கேட்டால்
மொத்தமே இரண்டு வண்டி என்பான், இல்லையா?
குகையில் முதலில் கண் விழித்தவளும்
அப்படித்தான் எண்ணியிருப்பாள்."

"அவள் தோற்பாள்.
பந்தயத்தில் தோற்கிறவர்களும் வேண்டுமே."

"தோற்றவள் பெற்றதுகள்தானே நீங்கள்"
என்றாள், கொட்டையிலிருந்து கையை எடுக்காமல்.

தெமிர் ஏதோ சொல்ல வந்தான்.
பிறகு ஒரு கல்லைப் பொறுக்கி
அவள் கிண்ணத்தில் போட்டான்.

விடியலில் எர்னிஸ் எண்ணப் போனான்.
மீசையில் பனியோடு திரும்பி வந்தான்:
"எழுபது வரை பார்த்தேன். அப்புறம் வெள்ளை."

சுரங்கம் திறந்தது.
எதிர்ப்பக்கத்து வண்டிகளை முதலில் விட்டார்கள்.
தலாஸின் பீன்ஸ் மூட்டைகள், விளக்கெரிய, ஒவ்வொன்றாக.
கண்ணாடியில் செருகிய அட்டைகள்:
ஒன்று, இரண்டு, நான்கு.
அந்தப் பக்கமும் ஒரு வரிசை இருக்கும் என்று
இரவெல்லாம் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

கணக்கில்லாத நேரம் கழித்து
என்னைக் கடந்தது ஒரு நாற்பத்து மூன்று.
ஓட்டிவந்தவள் ரொட்டி மென்றுகொண்டிருந்தாள்.
என் அட்டையைத் தூக்கிக் காட்டினேன்.
கண்ணாடியில் ஆவி. பார்த்திருக்கமாட்டாள்.

தெமிரிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.
முன்னால் நிற்கிறானா பின்னாலா தெரியவில்லை.
அத்தனை பேசியும்
அவன் எண்ணை யாரும் கேட்கவே இல்லை.