யன்னலில் நாலு விரல்

மூன்று நாளாய் அச்சுவேலியில் வெயில் இல்லை.
வாடை கிடுகுவேலியைப் பிய்த்துக்கொண்டு
நேரே மாட்டுக்கொட்டிலுக்குள் வருகிறது.
குளிர் என்றால் எங்களுக்கு
விடிய முகம் கழுவுகிற நேரத்துப் பேச்சு.
அதற்கென்று ஓர் உடுப்பு இந்த வீட்டில் இல்லை.

வினிப்பெக்கிலிருந்து அண்ணை சிரிக்கிறான்:
"பதினெட்டுப் பாகையோ?
அதுக்கு நான் அரைக் காற்சட்டையோடை புல்லு வெட்டுவன்."

சிரி, என்றேன்.
சங்கத்துப் பால்வண்டி இண்டைக்கு
அரைக் கானோடை திரும்பிப் போகுது.
கனகமணியின்ரை ரெண்டு கண்டும்
நனைஞ்சபடியே விறைச்சுக் கிடக்குதுகள்.
எங்கடை செவலை நிக்கமாட்டாமல் நடுங்குது.

சிரிப்பு நின்றது.
அவனுக்குப் பின்னால், கண்ணாடிக்கு வெளியே
பனி கொட்டிக்கொண்டிருந்தது, ஒரு சத்தமுமில்லாமல்.

"முதல் ஈரத்தை எடு.
குளிரை விட ஈரந்தான் கொல்லும்.
காய்ஞ்ச சாக்காலை தேய். வயித்துக்குக் கீழை வைக்கல்.
காத்து வாற பக்கம் படங்கு."

துவாரகனுக்கு?

"தடிச்சது ஒண்டு வேண்டாம், மெல்லிசாய் மூண்டு.
தலையை மூடு. காலுக்குச் சொக்ஸ்."

பள்ளிக்கூடச் சொக்ஸ் ஒரு சோடிதான்,
அது கொடியில் சொட்டிக்கொண்டிருந்தது.
என் பழைய சட்டையின் கைகளை வெட்டி
பிள்ளையின் காலில் இழுத்துவிட்டேன்.

பிறகு சட்டியில் சிரட்டைக்கரி மூட்டி
அறைக்குள் வைத்தேன். கதவு சாத்தி,
யன்னல் நீக்கலுக்குள் துணி அடைந்து.
கெட்டித்தனமாய் அதையும் அவனுக்குக் காட்டினேன்.

"வெளியிலை கொண்டு போ!"
பிறந்ததற்கு அவன் என்மேல் கத்தியதில்லை.
"இப்பவே. யன்னலைத் திற."
இந்தக் குளிருக்கோ?
"திற."

போன முதல் வருஷம்.
நிலவறையில் ஹீற்றர் பழுதான இரவு
இன்பராசா கரியடுப்பை உள்ளே எடுத்து வைத்தது,
இவன் இரவு வேலைக்குப் போயிருந்தது,
விடிய வந்து போர்வையை விலக்க
முகம் சிவந்து, நித்திரை போல.

அந்த மாதம் எங்களுக்கு வந்த கடிதத்தில்
குளிர் பழகிவிட்டது என்றுதான் இருந்தது.

சட்டியைக் கொட்டிலின் திறந்த பக்கம் வைத்தேன்,
வைக்கோலுக்கு எட்டாத தூரத்தில்.
யன்னலில் நாலு விரல் இடைவெளி.
பிள்ளை வேர்க்கொம்புத் தண்ணியைப் பாதி குடித்து,
பாதியைப் போர்வையில் ஊற்றி,
நித்திரையாகிவிட்டான்.
நான் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அவனுக்குச் சாப்பாட்டு நேரம் முடிந்துவிட்டது.
போனை வைக்கவில்லை.
"செவலை அசைபோடுற சத்தம் கேக்குதோ?"

காத்துத்தான், என்றேன்.

பொறு.