திருத்தம் நான்கு

ஆண்டில் முந்நூறு நாள் அங்கே
ஒரு குவளைத் தண்ணீர் கேட்க ஆளில்லை.
ஜூலை முதல் வாரம் மட்டும்
நாலாயிரம் பேர்,
படகு, நாய், கரியடுப்பு,
ஈரத் துண்டோடு கழிப்பறை வாசலில் வரிசை.
எதற்கு வரைவது?
காலி மைதானத்துக்கா, அந்த மூன்று நாளுக்கா?

மொன்டானா, ஹாலோரன் நீர்த்தேக்கம்.
முகாம் இடங்கள் நூற்றுப் பன்னிரண்டு,
குழாய்கள் பதினெட்டு,
மீன் கழுவும் மேடை ஒன்று.
அதை மறந்ததால் வந்தது முதல் திருத்தம்.

மே மாதம் பனி உருகி வரும் நீர்
பால் விட்ட தேநீர் நிறம்.
ஆகஸ்டில் கண்ணாடி.
கண்ணாடியை நம்பக் கூடாது.
மேல் ஓடையில் பீவர்கள் அணை கட்டிக்கொண்டு
தம் குடலில் இருப்பதைக் கீழே அனுப்புகின்றன.
ஜியார்டியா என்று பெயர்.
கண்ணுக்குத் தெரியாது,
வயிற்றுக்குத் தெரியும்.

ஆகவே சவ்வு.
சேமியா போல வெள்ளைக் குழல்கள், ஆயிரக்கணக்கில்.
தினமும் ஒருமுறை உள்ளே காற்றை அழுத்தினால்
கிழிந்த ஒற்றைக் குழலும்
குமிழிவிட்டுக் காட்டிக்கொடுக்கும்.
உண்மையில் சவ்வாக இழுத்தவை கூட்டங்கள்தான்:
மூன்று அடுக்கா, நான்கா என்று
பதினொரு வாரம்.
மூன்று போதும், தொட்டியைப் பெரிதாக்குங்கள் என்றேன்.
செவ்வாயிலிருந்தே சேர்த்து வைத்தால்
சனிக்கிழமை தாங்கும்.

இயக்கப் போகிறவள் பெர்னீஸ் ஸ்டாங்லண்ட்.
புல் வெட்டுவதும் அவள்தான்,
வாசலில் கட்டணம் வாங்குவதும் அவள்தான்.
கவிழ்த்துப் போட்ட படகின் மேல்
வரைபடத்தை விரித்தாள்.
நாலு மூலைக்கும் நாலு கல்.
"பழுதானால் என் கைபேசிக்குச் செய்தி வருமா?"
வரும் என்றேன், கொஞ்சம் பெருமையாக.
"மேட்டுக்கு இந்தப் பக்கம்
கைபேசி எடுக்காதே."
சிரிக்கவில்லை.
ஏரிக்கு அக்கரையில்
தன் சமையலறை ஜன்னலைக் காட்டினாள்.

திருத்தம் நான்கு:
கூரை மேல் ஒரு மஞ்சள் விளக்கு.
நாற்பது டாலர்.
மொத்த வரைபடத்தில்
யாரும் கேள்வி கேட்காத ஒரே கோடு.

அக்டோபரில் அவள் குழல்களைக்
கிளிசரினில் ஊறவைத்துக் கதவைப் பூட்டுவாள்.
மே மாதம் திறப்பாள்.
நான் இருநூறு மைல் தள்ளி
வேறொரு ஊரின் சாக்கடைக் கணக்கில் இருக்கிறேன்.
ஜூலை இரவுகளில் விழிப்புத் தட்டினால்
அந்த ஜன்னல் நினைவுக்கு வருகிறது:
தட்டுக் கழுவும் கை,
ஒரு கணம் நிமிரும் தலை,
எதிரே கூரை இருக்குமிடத்தில்
இருட்டு.

இருட்டாகவே இருக்கட்டும்.