பொருளின் விவரம்

ஓடு மாற்ற வந்த பையன் அதைத் தூக்கி
அடியில் இருந்த எண்ணைப் பார்த்துக் கத்தியதில் தொடங்கியது.
வெள்ளக்கடையில் ஆறு வீட்டைக் காலி செய்தோம்.
சேலத்திலிருந்து ஸ்குவாட் வர வேண்டும்.
ஏழாவது வளைவில் சில்வர் ஓக் லாரி குறுக்கே நின்றுவிட்டதாம்.
அதுவரை காவல் நான்.
மணல் மூட்டைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து
மகஜர் எழுத ஆரம்பித்தேன்.

பித்தளை. உயரம் ஒரு சாண் நாலு விரல்.
இடுப்பு ஒடுங்கி, வாய் எட்டு இதழாக விரிந்தது.
உள்ளே கரண்டி ஐந்து, மத்து ஒன்று.

கிட்டே போகக் கூடாது. போனேன்.

வயிற்றில் ஒரு நாய்.
நாயை அடித்துவிட்டுக் காட்டெருமை என்று திருத்தினேன்,
கொம்பு இருந்தது.
வரைந்தவன் அதைப் பார்த்துப் பல மாதம் ஆகியிருக்கும்.
பசுரா 1917.
சின்னாண்டி.
அப்புறம் சுற்றிவர ஒரு மிளகுக் கொடி,
ஆணி முனையால் புள்ளி புள்ளியாகக் குத்தியது.
வேறு வேலை இல்லாததால் எண்ணினேன்:
நானூற்றுப் பதினொன்று.
அடுத்த இலைக்குக் கோடு மட்டும் இருக்கிறது.
குத்தவில்லை.

"ஊர் திரும்பினாரா?" தங்காயியைக் கேட்டேன்.
"யாரு?"
"பேர் போட்டிருக்கே."
"நான் கட்டிக்கிட்டு வந்தப்பவே
அடுப்போரம் இருந்துச்சுங்க, கரண்டி போட."

மூன்று மணிக்கு நாய் வந்தது, நிஜ நாய்.
மோந்து பார்த்து
கருவாட்டுக் கரண்டியை நக்கியது.
ஸ்குவாட் ஆள் அடிப்பக்கத்தைத் திருப்பினார்,
நடுவில் மிளகளவு பள்ளம்.
"ஊசி அடிச்ச தடம் ஏட்டையா.
இது எப்பவோ வெடிச்சாச்சு. வெறும் கூடுதான்.
முன்னாடி இருந்தது போயிடுச்சு."
எங்கே, யார்மேல் என்று நான் கேட்கவில்லை.
படிவத்தில் அதற்குக் கட்டம் கிடையாது.

மதிப்புக்குக் கட்டம் இருந்தது.
செவ்வாய்ப்பேட்டையில் பழைய பித்தளை கிலோ என்ன போகிறதென்று
டிரைவரைக் கேட்டு எழுதினேன்.

கைநாட்டு வைத்துவிட்டு தங்காயி
மசி விரலைச் சேலையில் துடைத்தாள்.
"கோர்ட்டுக்குப் போகட்டும்.
ராத்திரி சோறு எதால போடறது?"

பெரிய கரண்டியை உருவி அவளிடம் கொடுத்தேன்.
ஐந்தை நான்காக்கி
பக்கத்தில் இனிஷியல் போட்டேன்.
கீழிறங்கும் ஜீப்பில், என் மடியில்,
மீதி நாலும் மத்தும்
ஒரு வளைவு பாக்கியில்லாமல் சத்தம் போட்டன.