கேட் மூடியிருக்கும் நேரம்

கொருக்குப்பேட்டை கேட் மூடிவிட்டால்
எங்கள் ஒத்திகைக்குப் பாதி ஆள் வராது.
ஆறரை என்றால் ஏழேகால்.
கன்டெய்னர் லாரியை யார்டில் போட்டுவிட்டு
டீசல் கையோடு வருவான் மகிமைநாதன், பேஸ்.
காசிமேட்டு ஐஸ் கம்பெனியிலிருந்து பூங்காவனம், டெனர்,
விறைத்த தொண்டையை
சுக்கு டீயில் இளக்கியபடி.

நான் ஆல்ட்டோ.
வீட்டில் தனியாகப் பாடிப் பார்த்தால்
அது பாட்டே இல்லை.
மூன்றே சுரத்துக்குள் போய்ப் போய்த் திரும்பும்
தொலைந்த சாவியைத் தேடுகிறவள் மாதிரி.
"இன்னாத்துக்கு முனகுற, வயித்து வலியா?" என்பார் இவர்.
ஹாலில் நாலு குரலும் சேரும்போதுதான்
அந்தச் சாவிக்கு
ஒரு பூட்டு இருப்பதே தெரியும்.

பாட்டு ஒரு தாலாட்டு.
மூன்றாம் பக்கத்தில் பிள்ளை தூங்கிவிடும்.
'மிக மெதுவாக' என்று நோட்டில் போட்டிருக்கும்.
சரியாக அங்கேதான் வரும் எட்டு மணி கூட்ஸ்.
ஐம்பத்தெட்டு பெட்டி. ஜன்னல் கம்பி அதிரும்.
"விடாதீங்க, விடாதீங்க" என்று
வாயசைப்பாள் ஹெப்சிபா.
பகலில் துறைமுகத்தில் டாலி கிளார்க்,
பெட்டி எண்ணுகிற அதே விரலால் தாளம்.
ரயிலுக்கு மேலே ஏறிப் பாடுவோம்
தூங்கிடுச்சு, தூங்கிடுச்சு என்று
தொண்டை கிழிய.

பெயர் வாயில் நுழையாத ஊர்.
மேடைக்குப் பின்னால் பதினெட்டு நாட்டுக் குழுக்கள்
ஒரே மாதிரி ஷூ போட்டு நின்றார்கள்.
நாங்கள் எம்.சி. ரோட்டில்
ஒரே பண்டலில் எடுத்த மயில்கழுத்துப் புடவை.
அப்படி ஓர் அமைதியை
நான் ஆஸ்பத்திரியில்கூடக் கேட்டதில்லை.

மூன்றாம் பக்கம் வந்தது.
ரயில் வரவில்லை.
நாங்கள் வந்தோம்.

முப்பத்தாறு பேரும், சொல்லிவைத்ததுபோல்,
ஐம்பத்தெட்டு பெட்டி நீளத்துக்கு.
அடக்கப் பாய்ந்த ஹெப்சிபாவின் கை
பாதி வழியில் நின்றது. பிறகு
கேட் தூக்குகிறவர்போல் மெல்ல மேலே போனது.
என் மூன்று சுரமும்
என் விலா எலும்பில் அடித்தது.
பக்கத்தில் ரோஸ்லின் அழுதுகொண்டே
சுதி பிசகாமல் சிரித்தாள்.

பதினான்காவது இடம்.
மார்க் தாளில் அந்த இடத்தைச் சுற்றி வட்டம் போட்டு
"இங்கே ஏன்?" என்று கேட்டிருந்தார் ஒரு நடுவர்.
"கேட்டாண்ட வா சார், தெரியும்" என்றான் மகிமைநாதன்.

வந்து சேர்ந்த வியாழன், எட்டு மணி.
யாரும் பேசிக்கொள்ளவில்லை.
கூட்ஸ் கடந்துகொண்டிருக்க
முதல்முறையாக, நோட்டில் இருந்தபடி,
மிக மெதுவாகப் பாடினோம்.
எங்களுக்கே கேட்கவில்லை.
பூங்காவனத்தின் தாடையைப் பார்த்து
என் இடத்தைப் பிடித்தேன்.
கடைசிப் பெட்டி போனதும்
நாலு குரலும் அங்கேயே இருந்தன.
வெளியே, கேட் திறக்க,
அத்தனை வண்டியும் ஹாரன் அடித்தது.