சொத்தை

அப்பா போனபின் வக்கீல் வாசித்தார்:
ஏரிக்கரையில் பதினோரு ஹெக்டேர் பிர்ச் காடு,
துருவேறிய படகு எஞ்சின் ஒன்று,
நுர்மெஸ் வங்கியில் கொஞ்சம் பணம்.
இருவருக்கும் சரிபாதி.
கையெழுத்துப் போட இர்மேலி கையுறையைக் கழற்றினாள்.
பத்து நகமும் சொத்தை.
பேனாவைத் திரும்ப வாங்க வக்கீல் தயங்கினார்.
"நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்றார்,
தாராளமாக.

தொற்றாது, தொற்றாது என்று சொல்லி
எங்கள் வீட்டுக்கே வாய் வலித்துவிட்டது.
அந்தப் பூஞ்சை உங்கள் வாயிலும் இருக்கலாம்,
நேற்று நீங்கள் முத்தமிட்டவர் வாயிலும்.
வாடகைக்கு, சத்தமில்லாமல்.
அவள் வாயில் மட்டும் சொந்த வீடு கட்டிக்கொண்டது.

ஐந்து வயதில் நாக்கு பூத்தது.
பாலென்று நினைத்து அம்மா துடைத்தாள்.
துணியில் சிவப்பு.
ஒன்பதில், பள்ளிக்கூடத்துப் பனிச்சறுக்கு நாளில்
விரல்கள் மடங்கிக் கொக்கியாகிக்
கோலை விட மறுத்தன.
குளிர் என்றார் ஆசிரியர்.
சுண்ணாம்புச் சத்து என்றது ரத்தம்.
இருபத்துமூன்றில், சூரியன் எட்டிப் பார்க்காத ஜனவரியில்
வெயிலில் கிடந்தவள் போலக் கறுத்தாள்.
"எந்தத் தீவுக்குப் போய் வந்தாய்?"
கடையில் பொறாமையோடு கேட்டார்கள்.
மறுவாரம் குளியலறைத் தரையில் கிடந்தாள்.

நான் தபால்காரன்.
எனக்காகவே அப்படிச் சொன்னாரோ என்னவோ டாக்டர் சல்மேலா:
"நெஞ்செலும்புக்குப் பின்னால் ஒரு பள்ளிக்கூடம்.
காவலுக்குப் போகிறவர்களுக்கு
வீட்டு ஆட்களின் முகத்தை அங்கேதான் காட்டுவார்கள்.
இவளுடைய ஆல்பத்தில் பாதிப் பக்கம் இல்லை.
முகம் தெரியாதவர்கள் வீட்டையே அடிக்கிறார்கள்.
அதோடு,
'பூஞ்சை வருகிறது, கதவைச் சாத்து' என்று
தோலுக்குப் போகிற கடிதத்தையும்
வழியில் மறித்துக் கிழிக்கிறார்கள்."

பத்தொன்பது வருடத்தில் நான் ஒரு கடிதம் தொலைத்ததில்லை.
மைனஸ் முப்பதில்,
பனியில் புதைந்த பெட்டியைத் தோண்டிப் போட்டிருக்கிறேன்.
அன்று மருத்துவமனை வாசலில்
எஞ்சினைப் போடாமல் காரில் உட்கார்ந்திருந்தேன்.
இர்மேலிதான் பேசினாள்:
"உங்கள் ஆபீசில் புகார் எழுதிக் கொடுக்கலாமா?"

தேவாலயத்துப் பழைய பதிவேட்டைத் தேடிப் போனதும் அவள்தான்.
அப்பாவின் வழியும் அம்மாவின் வழியும்
ஏழு தலைமுறை மேலே
ஒரே பண்ணை வீட்டுப் படியேறுகின்றன.
பாதிரியாரின் ஸ்வீடிஷ் கிறுக்கலில், 1764:
பிரிட்டா. ஆறு வயது. வலிப்பு.
இரண்டு குளிர்காலம் கழித்து அவள் தங்கை. வலிப்பு.
பல பக்கம் தள்ளி அவர்களின் அண்ணன்.
எண்பத்தொன்று. முதுமை.
சொத்தை நகத்தை அந்தப் பெயரில் வைத்து
"இது நீ" என்றாள்.
கோபமாகச் சொல்லியிருக்கலாம்.
சொல்லவில்லை.

எனக்கும் பரிசோதனை செய்தார்கள்.
என்னிடம் ஒன்று, அவளிடம் இரண்டு.
ஒன்று இருந்தால் ஒன்றுமில்லையாம்.
வக்கீலுக்கு முன்பே நடந்த பாகம் அது.
சரிபாதி இல்லை.

இப்போது அந்த மாத்திரைக்குப் பூஞ்சை பழகிவிட்டது.
கசப்புத் திரவத்தை வாயில் வைத்து
ஐந்து நிமிடம் பேசாமல் இருக்க வேண்டும்.
(அதுதான் பெரிய கஷ்டம் என்பாள்.)
மூன்று மாதத்துக்கொருமுறை பல் மருத்துவர்
விளக்கைச் சாய்த்து
வெள்ளைக்குள் வேறு நிறம் தேடுகிறார்.
அந்த ஒரு நிமிடம்
காத்திருப்பறையில் இருக்கிற பத்திரிகையைத்
தலைகீழாகப் பிடித்திருக்கிறேன்.

செப்டம்பரில் காட்டைப் பார்க்கப் போனோம்.
எது அவள் பாதி என்று நாங்கள் இன்னும் கோடு போடவில்லை.
பாசிக்குள் மஞ்சள் மஞ்சளாகக் காளான்கள்.
கத்தியோடு மண்டியிட்டு
ஒன்று விடாமல் அறுத்தாள்.
"இவர்களும் அந்த வம்சம்தானே" என்றாள்.
வெண்ணெயில் வதக்கி
இடது கடைவாயில், மெதுவாக, மென்றாள்.
எரிந்திருக்கும்.
கண்ணைத் துடைத்துக்கொண்டு
"உப்பு எங்கே?" என்று கேட்டாள்.